பூச்சு உரித்த பங்களா

வைட்ஃபீல்டில் காபிக் கடைக்காரன்கூடச் சுவரில் செங்கலைக் காட்டித்தான் காசு பார்க்கிறான். அதைப் பார்த்துத்தான் தனக்கோடிக்கு அந்த யோசனை வந்தது. அப்பா வாங்கிப்போட்ட பழைய பங்களாவை பில்டருக்கு விற்றே தீருவேன் என்று தம்பி முனிகிருஷ்ணன் ஒற்றைக்காலில் நின்றான். பழைய கட்டடங்களை ஆராயும் அதிதி வந்து பார்த்து, காப்பாற்ற வேண்டிய வீடு என்று எழுதிக் கொடுத்தால் விற்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தான். வருகிறவள் கண்ணில் பழமை பளிச்சென்று பட வேண்டாமா? ஆள் வைத்து, முகப்புச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டார் தனக்கோடி.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. வெள்ளைக்காரன் ஒரே மூச்சில் கட்டிய வீடு என்றல்லவா ஊரெல்லாம் சொல்லி வந்தார்! இங்கே தட்டைச் செங்கல், அங்கே தடித்த செங்கல். ஜன்னலுக்குப் பக்கத்தில் அடைத்துப்போட்ட ஒரு வளைவு. எது முதலில் கட்டியது, எது ஒட்டுப்போட்டது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

அதிதி வந்தாள். சுவரைப் பார்த்த மாத்திரத்தில் முகம் தொங்கிப்போயிற்று.

"யார் சார் பூச்ச எடுத்தது?"

"நான்தாம்மா. செங்கல்தானே பழசு?"

"இந்தச் செங்கல் ஊரெல்லாம் இருக்கு சார். கண்ணாடி மாதிரி தேய்ச்ச அந்தப் பூச்சுக்காகத்தான் வந்தேன்." வளைவைத் தொட்டுக் காட்டினாள். "இது வராண்டாவா இருந்தது. அப்புறம் ரூமாக்கியிருக்காங்க. ஆளாளுக்கு ஒரு விதமா கட்டினத எல்லாம் ஒரே வீடாக் காட்டினது அந்தப் பூச்சுதான். இருந்திருந்தா கண்டிப்பா எழுதியிருப்பேன். இப்ப முடியாது, சாரி."

தனக்கோடி காலடியில் குவிந்து கிடந்த சுண்ணாம்புத் துண்டுகளைப் பார்த்தார். அப்படியானால் எதுதான் வீடு? தான் உரித்துக் கொட்டியதா, மிச்சம் நிற்பதா?

அவள் போனதும் முனிகிருஷ்ணன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். கொத்திய சுவரை போட்டோ எடுத்து பில்டருக்கு அனுப்பியிருந்தானாம்.

"அண்ணா, அவங்களுக்குச் செவுரு ரொம்பப் புடிச்சிடுச்சு. முகப்ப மட்டும் அப்படியே வெச்சிக்கிட்டு, மிச்சத்த எடுத்துட்டு அபார்ட்மென்ட் கட்டறாங்களாம். கிளப் ஹவுஸுக்கு இதான் வாசலாம். நீ ஆசப்பட்ட மாதிரியே வீடு நிக்கும். சந்தோஷம்தானே?"

தம்பி உண்மையாகவே பூரித்துப் போயிருந்தான். தனக்கோடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன கேட்டான் என்றே புரியாதவராக, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.