சுண்ணாம்பாற்றுப் படகு

ஏழு மணி நேரம் இருபது நிமிடம். செம்மல் தன் அக்கா கலைவாணியோடு திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கியது ஒன்பது நாற்பதுக்கு. திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு. அதுவரை ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டியது நான். எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மூலக்குளத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பா தணிந்த குரலில், "அவுங்களா கேட்டா சொல்லு. நீயா வாயத் தொறக்காத" என்றார். என் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடியுரிமை அந்த வீட்டுக்கு மட்டும்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, குடியுரிமை வேண்டும் என்று தாத்தா கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே தெரு என்பதால் தரகர் இரண்டு வீட்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார். அப்பா திருத்தவில்லை. என்னைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம் என்று செம்மல் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் கேட்கவே இல்லை. எல்லாம் முடிவான விஷயம்போலப் பேசினார். அங்கே குளிர் தாங்குமா, அரிசி கிடைக்குமா என்றார். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு வெளியே நின்று, கல்லில் இருந்த பெயர்களை எட்டிப் பார்த்தார்.

"உங்க தாத்தா பேரு எதுங்க?"

"அது செத்தவங்க பேருங்க."

கலைவாணி அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "பரவால்லடா, பொண்ணுக்கு வாய் இருக்குது."

காப்பிக் கடையில் செம்மல் போனைப் பார்த்துப் பார்த்து பிரெஞ்சில் காப்பி கேட்டார். "மூணு காப்பியா சார்?" என்றார் கடைக்காரர். அவர் முகம் காதுவரை சிவந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நான் வேதியியல் படித்தவள். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை காத்திருக்கப் பழகியவள். இங்கே அவர் பேச்சு எத்தனை சொட்டு விழுந்தும், நான் காத்திருந்த அந்தக் கேள்வி வரவில்லை.

இரண்டரைக்குச் சுண்ணாம்பாறு. தண்ணீர் ஆகாது என்று அண்ணி கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். உயிர்காப்புச் சட்டையின் பட்டையைப் படகுக்காரர் இழுத்துக் கட்டியதில் நெஞ்சு இறுகியது. முப்பது பேருக்கு நடுவில் எங்களுக்கு ஒரு பலகை.

சதுப்புக் காட்டைத் தாண்டும்போது செம்மல் என் பக்கம் சாய்ந்தார்.

"ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். ஷோரூம் வேலைய வுட்டுட்டேன். மாசக் கடைசியோட சரி. பிரெஞ்சு கிளாஸ் சேந்துட்டேன்."

ஒன்பது வருட வேலை. சொல்லிவிட்டுச் சின்னப் பையன்போலச் சிரித்தார். இரண்டு கரையும் தூரத்தில் இருந்தன.

நான் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்னாங்க?"

மறுபடி சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார், அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாக என் பக்கம் திரும்பின.

"எங்க வூட்ல யாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி இல்லைங்க. எங்கிட்ட எந்த பாஸ்போர்ட்டும் இல்ல."