எந்தப் பொண்ணு?

"மாணவியா யார் உட்காருறீங்க?" என்று பேராசிரியர் கேட்டு முடிப்பதற்குள் அவள் கை உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பேங்க்காரர் திரும்பிப் பார்த்தார். வங்கி வேலையை உதறிவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் ஆலோசகர் படிப்புக்கு வந்தவர் அவர். இரண்டாவது வருடமாக இருவருக்கும் ஒரே பெஞ்சு. நடிப்புப் பயிற்சி என்றாலே தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுகிறவள் இவள் என்று அவருக்குத் தெரியும். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கிசுகிசுத்தார். அவள் எழுந்து போனாள்.

வகுப்பை அன்று ஒரு பள்ளிக்குக் கூட்டிவந்திருந்தார்கள். அதன் நூலகத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் மிட்டாய் மேடம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். இந்தப் பள்ளியில் எத்தனையோ வருடமாக அவள்தான் மாணவர் ஆலோசகர். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கிண்ணத்திலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பதால் அந்தப் பெயர். அடுத்த பருவத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆலோசனைப் பாடம் எடுக்கப்போவதும் அவளே. அதற்கு முன்னோட்டம் மாதிரிதான் இன்றைய செயல்விளக்கம். முன்வரிசையில் தலைமையாசிரியை, தன் வீட்டுப் பெண்ணைப் பெண் பார்க்க வந்திருப்பது போன்ற பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு, நீயா? நல்லதாப் போச்சு," என்றாள் மேடம். இரண்டு மாதமாக அவளிடம் களப்பயிற்சி எடுக்கிறவள் இவள். பிடித்துப்போன சிஷ்யை.

இதே பள்ளியில்தான் அவள் ஆறாம் வகுப்பு படித்தாள். அக்கா பதினொன்று. ஒரு சாயங்காலம், "வாலு, இங்கயே உக்காரு, இதோ வந்துர்றேன்," என்று அவளை ஆலோசனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அக்கா உள்ளே போனாள். யாரும் அனுப்பவில்லை, அவளாகத்தான் போனாள். கதவுக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே பேசிய ஒவ்வொரு வார்த்தையும் பெஞ்சில் வந்து விழுந்தது. அக்கா அழுததும், மேடம் தந்த வாக்கும், மிட்டாய்க் காகிதம் பிரிகிற சத்தமும்.

அந்த வாரம் முடிவதற்குள் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர், மற்ற பிள்ளைகளுக்கும் பழகிவிடும், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாளாம். அப்பா வேறு பள்ளி பார்க்கவில்லை. அன்றிலிருந்து அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். "அது சாப்பிட்டுச்சா?" என்பார். "அதைக் கதவைச் சாத்தச் சொல்லு." சாகிற வரைக்கும் மூத்த மகள் அவருக்கு அதுவாகத்தான் இருந்தாள். அக்கா, பழகிப்போயிருந்த அந்த இருமல் மருந்தை வீட்டிலேயே, பூட்டின அறைக்குள், வைத்தியம் எதுவும் இல்லாமல் விட்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். தங்கை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அறையை விட்டு வெளியே வந்தபோது அக்காவுக்குப் படிப்பும் இல்லை, தோழிகளும் இல்லை. அந்தப் பேச்சை வீட்டில் பிறகு யாருமே எடுக்கவில்லை.

தங்கை மட்டும் கறுவிக்கொண்டே வளர்ந்தாள்.

முதுகலைப் படிப்புக்கான நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது, மனிதர்களுக்கு உதவ என்றாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்று சிரித்தார். முதல் பருவத்தில் இரகசியம் காப்பது பற்றிப் பாடம் வந்தது. பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே, எதை என்னால் மறைத்து வைக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து, முடிந்தால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். போதைப் பழக்கம் என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது. மற்றவர்கள் தேர்வுக்காக எழுதிக்கொண்டார்கள். அவளுக்கோ, அதுவரை மொத்தமாக ஒரு பாவம் என்று நினைத்திருந்தது, இப்போது தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாம் வருடக் களப்பயிற்சியில் பாதி போதை மறுவாழ்வு மையத்தில், பாதி பள்ளியில். மையத்தில் அவள் நன்றாகவே வேலை செய்தாள். பொய் சொல்கிற குடிகாரர்களிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. அங்கிருந்த டாக்டர், படிப்பை முடித்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். ஆனால் பள்ளி என்று வந்தபோது அவள் இந்தப் பள்ளியைக் கேட்டு வாங்கினாள்.

மேடம் ராட்சசியாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழுகிற பிள்ளைகளை அணைத்துக்கொள்வாள், காய்ச்சல் என்றால் வீடு வரை கூட்டிப்போவாள். "நீ எனக்கு மக மாதிரி," என்று இவள் தலையைத் தடவினாள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையில் டப்பா திறந்ததும், "யார்ட்டயும் சொல்லிடாதீங்க," என்று ஆரம்பித்து, காலையில் வந்த பிள்ளையின் கதையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிவிடுவாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. தன்னிடம்தான் எல்லாரும் மனம் திறக்கிறார்கள் என்கிற பூரிப்பு. இத்தனை வருடத்தில் எதுவுமே மாறவில்லை என்பதைப் பார்த்த அன்றுதான், இதை எல்லார் முன்னாலும் வெளிக்கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். எப்படி என்று தெரியாமல்தான் இருந்தது. இப்போது பேராசிரியரே நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்.

"சொல்லும்மா, என்ன பிரச்சினை?" மேடம் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வாயைத் திறந்தபோது அக்காவின் குரலே வந்தது. வாக்கியத்தின் கடைசியை விழுங்குகிற அதே பேச்சு.

"இருமலுக்குன்னுதான் அந்த மருந்தைக் குடிக்க ஆரம்பிச்சேன் மேடம். இப்ப இருமலே இல்ல. ஆனா குடிக்காம இருக்க முடியல. போர்டுல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. நானா நிறுத்திப் பாத்தேன், முடியல. நீங்க நிறுத்தி விடுவீங்களா?"

மேடம் முன்னால் சாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "நீயா தேடி வந்தே பாரு, அதுவே பெரிய விஷயம் கண்ணு." பின்னால் பயிற்சி மாணவர்களின் பேனாக்கள் ஓடின. நன்றாகத்தான் செய்தாள். எப்போதிலிருந்து, எவ்வளவு, யார் வாங்கித் தருகிறார்கள் என்று மயிலிறகால் தடவுவது போலக் கேட்டாள்.

"வீட்ல சொல்லிடுவீங்களா மேடம்?"

"ச்சே, சொல்வேனா? நீ, நான், இந்த நாலு சுவரு. அவ்வளவுதான்."

பேராசிரியர் இருமினார். "மேடம், ஒரு நிமிஷம். அந்த வாக்குறுதியைக் குடுக்குறதுக்கு முன்னாடி..."

"சார், முதல்ல பிள்ளை வாயைத் திறக்கணும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்று மேடம் சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

அவள் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "எங்க அக்காவும் இப்படித்தான் வாயைத் திறந்துச்சு மேடம். உங்ககிட்ட. இந்தப் பள்ளிக்கூடத்துலதான். நான் வெளிய உக்காந்திருந்தேன். இதே நாலு சுவரைத்தான் சொன்னீங்க. அந்த வாரமே எங்க அப்பாவை வரச் சொல்லி எங்க அக்காவை வெளிய அனுப்பினீங்க."

இந்தக் கணத்தை எத்தனையோ வருடமாக அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். மேடம் அழுவாள், மறுப்பாள், கத்துவாள், காலில்கூட விழுவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். மேடம் இவை எதையும் செய்யவில்லை. புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்து, "எந்தப் பொண்ணு?" என்றாள்.

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருமல் மருந்துன்னா... அந்த டிரைவர் பொண்ணா? இல்லயே, அது கையைக் கீறிக்கிட்ட கேஸு. அம்மா ஓடிப்போயிடுச்சே, அந்த ஒல்லிப் பொண்ணா? அதுக்கும் நாந்தான் வீட்டுக்குப் போன் பண்ணேன். இப்ப எட்டாவது படிக்கிற வாட்ச்மேன் பையன்கூட..." மேடம் விரல் மடக்கிக்கொண்டே போனாள். எப்படியாவது ஞாபகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற அக்கறையோடு, ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து வட்டத்துக்கு நடுவில் வைத்தாள். பேனாக்கள் நின்றுபோயின. பேங்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இவள் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"மேடம், போதும்," என்றாள் தலைமையாசிரியை. "போதும், எழுந்திருங்க."

அப்போதுதான் மேடம் சுற்றிலும் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. யாராவது ஒருவர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அந்த முகத்தை இவள் கண் கொட்டாமல் பார்த்தாள், ஒரு துளிகூடச் சிந்தாமல் குடிப்பது போல.

தாழ்வாரத்தில் பேராசிரியர் அவளை நிறுத்தினார். "அவங்க இனிமே பாடம் எடுக்கப் போறதில்ல. பள்ளியிலயும் விசாரிப்பாங்க," என்றார். "ஆனா உங்க களப்பயிற்சி இங்க முடிஞ்சுது. பாதிதான் ஆச்சு, அடுத்த வருஷம் வேற இடத்துல முதல்லேருந்து செய்யணும். ஏன்னு நான் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சே செஞ்சீங்க, இல்ல?"

"ஆமா சார்."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஒரு வருடம் போனால் போகட்டும். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். உள்ளே நீராவியும் சோப்பு வாசமும். இயந்திரங்களின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். உலர்த்தியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்க, அக்கா மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை நின்றபடியே, மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் கை வேகம் குறைந்து, நின்றது.

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"எங்க கிளாஸ் மொத்தமும். தலைமையாசிரியை, சார்..."

"எம்பேரைச் சொன்னியா?"

"சொல்லல. அக்கான்னு மட்டும்தான்."

"உனக்கு எத்தனை அக்கா?"

அவள் குவிந்திருந்த விரிப்புகளைப் பார்த்தாள்.

"அந்த விஷயத்தை நான் உங்கிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா வாலு? என் வாயால?" அக்கா கத்தவில்லை. இரைச்சலுக்கு நடுவில் அவள் உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அந்தம்மா ரெண்டு பேர்கிட்ட சொன்னாங்க. நீ கூட்டம் கூட்டிச் சொல்லியிருக்கே."

"உனக்காகத்தான்க்கா..."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

அக்கா திரும்பிக்கொண்டாள். இரண்டு விரிப்புகளை மடித்து அடுக்கினாள். மூன்றாவதை எடுத்து உதறினாள். தங்கை போய்விடலாமா என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்றும் நினைத்தாள். கேட்டால் அது பொய்யாக இருக்கும். மேடத்தின் முகம் தொங்கிய அந்தக் கணம் இன்னும் நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட அவளால் முடியாது.

"நின்னுக்கிட்டே இருக்காம அந்தப் பக்கம் புடி," என்றாள் அக்கா.

அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து இழுத்தார்கள். துணி விறைத்து நின்றது.

"சொல்லு," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"அவ மூஞ்சி. எப்படிப் போச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அக்கா விரிப்பைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டாள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த பத்து விரல்கள் மட்டும், சோப்பில் வெளுத்து, அசையாமல் இருந்தன.