தகேசுகேயின் வயிறு சொன்ன உண்மை

காமகுரா எரிந்த கோடையில், தோற்றுப்போன நோபுகாதா பிரபுவின் வீரன் தகேசுகே கோயில் முற்றத்தில் தன் வயிற்றைக் குறுக்கே கிழித்தபோது ரத்தம் வரவில்லை, பேச்சு வந்தது.

"வீட்டுக்குப் போகணும். தோமே தினைக் கஞ்சி வெச்சிருப்பா, ஆறிடும்," என்றது வயிறு.

தோமே அவன் மனைவி. மனிதனின் உண்மை வயிற்றில் இருக்கிறது என்பது எங்கள் நாட்டு நம்பிக்கை. விசுவாசம் பொய்யில்லை என்று காட்டத்தான் வீரர்கள் அதைத் திறக்கிறார்கள். திறந்தபின் அது என்ன சொல்கிறது என்று இத்தனை தலைமுறையாக யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. தகேசுகே வெட்கத்தில் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான்.

"ஏன்டா, கஞ்சி குடிச்சிட்டுத்தான் சாவியா?" என்று சிரித்தபடி, பக்கத்தில் இருந்த மொரிகாகே தன் வயிற்றைக் கிழித்தான். "என் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருக்கும்," என்றது அது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயிறுகள் திறந்தன, நாற்பத்திரண்டும் வீட்டைப் பற்றியே பேசின. ஒன்று மட்டும் மாடு கன்று போட்டதா என்று விசாரித்தது.

"மானங்கெட்ட பயலுகளா! எப்படிச் சாகறதுன்னு பாருங்கடா!" என்று கத்திய பிரபு, பட்டாடையை விலக்கிக் கத்தியைப் பாய்ச்சினார். அவர் வயிறு ஒன்றைத்தான் கேட்டது: "பாட்டுல என் பேரு முதல்ல வருமா?"

"வரும் எசமான்," என்றார், படையோடு வந்திருந்த கண் தெரியாத பாட்டுக்காரத் துறவி. பிரபு நிம்மதியாக, முறைப்படி ரத்தம் சிந்தி இறந்தார். மற்றவர்கள் கவசக் கயிற்றால் வயிற்றைத் தைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தார்கள்.

துறவி கட்டிய பாட்டு அவர்களைவிட வேகமாக நடந்தது. தகேசுகே வந்து சேர்ந்தபோது, கணவன் சிரித்துக்கொண்டே செத்த கதையை மூன்று முறை கேட்டிருந்த தோமே, தலையை மழித்துத் துறவியாகியிருந்தாள். வாசலை மறித்து நின்றாள்.

"செத்தவருக்கு இங்க என்னங்க வேலை?"

"நான் சாகத்தான் துடிச்சேன் தோமே. கூட இருந்தவனுங்கதான் விடல."

"நீங்க சும்மா இருங்க." அவள் மண்டியிட்டுத் தையலில் காதை வைத்தாள். "நீ சொல்லு."

"பயமா இருந்துச்சு," என்றது வயிறு. "கஞ்சி ஆறிடுச்சா?"

அவள் அழுதாள். மழித்த தலையைத் துணியால் மூடிக்கொண்டு, "சுட வைக்கிறேன், உள்ள வா," என்றாள். தகேசுகேயும் கூடவே போனான்.

பாட்டுக்காரர் ஆண்டுதோறும் எங்கள் ஊருக்கு வருகிறார். தகேசுகே முன்வரிசையில் உட்கார்ந்து தன் மரணத்துக்குத் தானே கண்ணீர் விடுவான். நாற்பத்திரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செத்தார்கள் என்ற அடி வந்ததும் அவன் வயிறு, "புளுகு," என்று உரக்கச் சொல்லும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் பாட்டுக்காரர் தந்திகளைக் கொஞ்சம் பலமாக மீட்டுவார்.