அண்ணி கையால்

பஞ்சாயத்தில் பெரியவர்கள் மங்கையிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்கள். "மூத்தவளா இருந்துட்டுப் போயேம்மா. சோத்துக்கா பஞ்சம்?"

புருஷன் ராஜாங்கம் பனமலைப் பக்கத்திலிருந்து இன்னொருத்தியை அழைத்து வந்திருந்தான். மங்கைக்குப் பிள்ளை இல்லை என்பது காரணம்.

"சோத்துக்கா வாக்கப்பட்டேன்? தீர்த்து வுட்டுடுங்க" என்றாள் மங்கை.

ராஜாங்கம் குனிந்த தலை நிமிராமல், உறவு அறுந்தது என்பதற்கு அடையாளமாகத் துரும்பைக் கிள்ளிப் போட்டான். அன்றைக்கே மங்கை அவலூர்பேட்டையில் பஸ் ஏறி, அண்ணன் பச்சைமுத்துவோடு செஞ்சிக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் அழவே இல்லை. மறுநாளே ராஜகிரி மலையடியில் இருந்த அண்ணனின் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க இறங்கிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பஜாருக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் தலைவலி என்பாள். தெருவில் எதிரே ஆள் வந்தால், சகுனம் பார்ப்பார்களோ என்று சுவரோரம் ஒதுங்கி நிற்பாள்.

ராஜாங்கத்தை நினைத்தால் கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டிவிடலாம். ஆனால் குழம்புக்கு மிளகாய் அள்ளும்போது, 'சின்னப்பொண்ணுக்குக் காரம் ஆகாதே' என்று கை தானாகத் தயங்கும். அப்போது அவளால் அடுப்பங்கரையில் நிற்க முடியாது.

சின்னப்பொண்ணு ராஜாங்கத்தின் தங்கை. மங்கை புதுப்பெண்ணாகப் போனபோது பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தவள். அவளுக்குத் தலைபின்னி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு, பின்னால் முன்னின்று கல்யாணமும் செய்து அனுப்பியவள் மங்கைதான். துரும்பு கிள்ளியபோது அந்த உறவும் சேர்ந்தே போனது. அதைப் பற்றிப் பஞ்சாயத்தில் யாரும் கேட்கவில்லை.

தை பிறந்து ஒரு மத்தியானம், வாசலில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தவள் நிழல் தட்டி நிமிர்ந்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி சின்னப்பொண்ணு நின்றாள்.

"பல்லுவலி, செஞ்சியில டாக்டரப் பாக்கணும்னு சொல்லிட்டு வந்தேன், அண்ணி. அவரு டீக்கடையில இருக்காரு. நாளைக்கு எனக்கு வளகாப்பு."

"நல்லா நடக்கட்டும். இங்க இன்னாத்துக்கு வந்த?"

சின்னப்பொண்ணு மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பஜாரில் வாங்கிய கண்ணாடி வளையல்கள். "நாளைக்கு அந்தப் பொம்பள வந்து போடுவா. அதுக்கு மின்னாடி நீ போடு."

உள்ளேயிருந்து வந்த பச்சைமுத்துவின் மனைவி ஆண்டாள் பதறினாள். "வேணாம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா இவளத்தான சொல்லுவாங்க?"

மங்கை கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "அவங்க சொல்றது சரிதான். என் கை வேணாம். பெத்ததும் இல்ல, கட்டுனவனும் இல்ல."

"உன்ன வேணாம்னது எங்கண்ணன்" என்றாள் சின்னப்பொண்ணு. "நான் எப்ப அண்ணி சொன்னேன்?"

மங்கை அப்படியே மல்லாட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து கேவலாக வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. ஆண்டாள் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். மங்கை அழுதுகொண்டே நாத்தனாருக்குக் குங்குமம் வைத்து, ஒவ்வொரு வளையலாகப் பூட்டினாள்.

பங்குனியில் சின்னப்பொண்ணுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. வளையல் பூட்டிய என் கைதானா என்று மங்கை பதறினாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. உச்சிவெயிலில், எதிரே வந்த யாருக்கும் ஒதுங்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ராஜாங்கம் நின்றிருந்தான். தாடியும் மீசையுமாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "பொண்ணு பொறந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." பிறகு, "நீ நல்லா இருக்கியா?" என்றான்.

அவனைக் கண்டால் கேட்பதற்கென்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதில் எதையும் அவனிடம் கேட்டு ஆகவேண்டியதில்லை என்று பட்டது.

"இருக்கேன். தள்ளு, உள்ள போவணும்."

அவன் விலகி வழிவிட்டான். உள்ளே மங்கையின் மாமியார் லட்சுமியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து கட்டிலருகே இடம் கொடுத்தாள்.

திரும்புகையில் பஜார் வழியாகவே நடந்தாள். கண்ணைத் துடைத்தபடி வந்தவளை ஒரு பூக்காரி நிறுத்தி, "இன்னாம்மா, எங்கேந்து வர?" என்று கேட்டாள்.

"நாத்தனாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. பாத்துட்டு வரேன்."

சொன்ன பிறகுதான் நாத்தனா என்று சொன்னது உறைத்தது. அவள் அதைத் திருத்தவில்லை.