மேலே பிடித்தவன்

வீடு மாற்றிக் கொடுக்கிற வேலையில் ஒரு சட்டம் உண்டு. படியில் பாரம் இறங்கும்போது மேலே பிடித்தவன்தான் பேச வேண்டும். கீழே பிடித்தவன் பின்பக்கமாக இறங்குகிறான், படி தெரியாது. அவன் வாயைத் திறந்தால் மூச்சுதான் வீண்.

அன்று மூன்றாம் மாடியிலிருந்து இரும்பு பீரோ இறங்கியது. மேலே பிடித்தவன் அண்ணன்காரன். கீழே பிடித்தவன் அவன் தங்கை புருஷன். நாலு நாளாக இருவருக்கும் 'இறக்கு', 'நில்லு' தவிர வேறு பேச்சில்லை. தங்கை கன்னம் வீங்கிப்போய் அண்ணன் வீட்டுக்கு வந்து கிடந்தாள். வேலை முடியட்டும், இவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கிறேன் என்று கறுவிக்கொண்டுதான் அண்ணன்காரன் காலையில் வந்திருந்தான். கட்டினவளை அடிக்கிற நாய்க்கு என்ன மரியாதை?

இரண்டாம் மாடிக்கு நாலு படி இருக்கும்போது அங்கே ஒரு கதவு படாரென்று திறந்தது. முதலில் இறக்கிய கட்டில் அந்தக் கதவின் புது வார்னிஷை ஒரு முழத்துக்குக் கீறிவிட்டிருந்தது. வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"கதவைக் கீறினவன் எவன்டா?"

எவனாக இருந்தால் என்ன, கைக்கு எட்டியவன் கீழே பிடித்திருந்த மாப்பிள்ளை. இரண்டு படி ஏறி, பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளைக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். திருப்பி அடிக்க அவன் வலது கை பீரோவின் அடியிலிருந்து மெல்ல நழுவுவதை அண்ணன்காரன் பார்த்தான். அந்தக் கை விட்டால் பீரோ அவன் நெஞ்சில்தான் விழும்.

ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், ஒழியட்டும் சனியன் என்று மனசு சொன்னது. சொன்ன வேகத்திலேயே பிடியை இறுக்கிக்கொண்டான்.

"மாப்ள, கையை எடுக்காத. என்னைப் பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சார், நாங்கதான் கீறினோம். தப்பு எங்களோடதுதான்."

மனிதர் 'நான் இல்லை' என்ற பதிலுக்குத் தயாராக வந்தவர். அடுத்த வசவு நாக்கிலேயே தடுக்கியது. காலரை மட்டும் விடவில்லை.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? திமிராடா?"

"திட்டுங்க சார். இதை இறக்கி வச்சிட்டு நானே வந்து நிக்கறேன், ஆசை தீரத் திட்டுங்க. இப்ப அந்தச் செருப்பு ஸ்டாண்டை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்க. இவன் கால் அதுல தட்டுச்சுன்னா பீரோ நேரா உங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

அவர் பீரோவை அண்ணாந்து பார்த்தார். தன் கதவைப் பார்த்தார். "தரித்திரம் புடிச்சவனுங்க" என்று சொல்லிக்கொண்டே காலரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டாண்டை இழுத்தார். திட்டு நிற்கவில்லை, கைக்குத்தான் வேறு வேலை வந்துவிட்டது.

"ஒரு படி. இன்னொன்னு. நில்லு. இறக்கு."

பீரோ தரையில் உட்கார்ந்தது. அண்ணன்காரன் சொன்னபடியே போய் நின்றான். வசவு அப்பன் ஆத்தா வரைக்கும் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். சாயங்காலத்துக்குள் வார்னிஷ் பூசித் தருகிறேன் என்ற பிறகுதான் கதவு சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். "கையில பாரம் மட்டும் இல்லன்னா அந்தாளைப் பொளந்திருப்பேன் மச்சான்."

அண்ணன்காரனின் முஷ்டி தானாக இறுகியது. "என் தங்கச்சியும் உன் காலரைப் புடிச்சாளா? ஏன் லேட்டுன்னு ஒரு கேள்விதானே கேட்டா?"

மாப்பிள்ளை கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டான்.

"உன்னை அடிக்கணும்னுதான் வந்தேன். அடிச்சா அது சுத்தி வந்து அவ மேலதான் விழும். அதனாலதான் விடறேன்."

"அவளைக் கூட்டிட்டுப் போகலாமா மச்சான்?"

"அவகிட்டயே வந்து கேளு. வரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. சொன்னா, கையை ஓங்காம திரும்பிப் போயிடுவியா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான், மூடினான். அண்ணன்காரன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"அப்ப வராத" என்றான்.