யாரும் இரவல் கேட்காத வண்டி

உலகத்தில் எல்லாருக்கும் வருகிற ஒரு சொல் அந்த ஏசி மெக்கானிக்குக்கு மட்டும் வராது. 'இல்லை' என்பதுதான் அது. நாக்கில் ஒரு குறையும் கிடையாது. வேலைக்குப் போன வீட்டில் கம்ப்ரஸர் போய்விட்டதா என்று கேட்டால் அழகாகவே 'இல்லீங்க' என்பான். ஆனால் யாராவது எதையாவது இரவல் கேட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டால் போதும். தாட்சண்யம் வந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும்.

அவனிடம் முன்பு இருந்தது பேர்பெற்ற கம்பெனி ஒன்றின் மோட்டார்சைக்கிள். பேர்பெற்ற வண்டியில் ஒரு தொல்லை, யார் வேண்டுமானாலும் நம்பி ஏறிப் போய்விடுவார்கள். காலையில் மாடிவீட்டு வாத்தியார் டியூஷன் எடுக்க ஓட்டிக்கொண்டு போவார். மத்தியானம் அடுத்த தெருவிலிருந்து மச்சினன் வருவான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் வேலை. 'அஞ்சு நிமிஷம் மாமா' என்று சாவியை வாங்கினான் என்றால், பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் அவனுக்கு மாமா ஞாபகம் வரும். மெக்கானிக்கோ தோளில் கருவிப்பையும் கையில் கேஸ் சிலிண்டருமாக பஸ்ஸில் நசுங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போய், ஊரார் வீட்டைக் குளிரவைத்துவிட்டு வருவான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆளாளுக்கு ஓட்டியதில் வண்டி தேய்ந்தது. கடைசியில் மச்சினன் ஆயில் இல்லாமல் ஓட்டி, இன்ஜினை இறுகிப்போகவைத்து, அதை ஒரு குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினான். நீங்கள் வண்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை மாமா என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கடுத்த வாரம் கடைத்தெருக் கோடியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு மோட்டார்சைக்கிள் ஷோரூமிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். ஏசி ஒழுகுகிறதாம். உள்ளே நாலைந்து வண்டிகள், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் உரிமையாளரம்மா. நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த ஏஜென்சியை எடுத்தவர். வண்டியின் பெயரை அவர் சொல்ல, இவனும் சொல்லிப் பார்த்தான். பாதியிலேயே நாக்கு மடங்கிக்கொண்டது. விலை குறைவு, மைலேஜ் அதிகம், வாரண்டி உண்டு என்று அந்தம்மா அடுக்கிக்கொண்டே போனார். எதுவும் இவன் காதில் ஏறவில்லை. ஏணிமேல் நின்று ஒழுகும் குழாயைப் பிடித்தபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள், பெயர்ப்பலகையைப் படிக்க முயன்றார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள். இந்த வண்டியை ஒருவரும் இரவல் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குப் பளிச்சென்று பட்டது. ஏணியிலிருந்து இறங்கும்போதே வாங்குவதென்று தீர்மானித்துவிட்டான். வண்டி வாங்குகிறவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். இப்படியொரு காரணத்துக்கு வாங்கியவன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். மச்சினன் வண்டியைச் சுற்றிவந்து டாங்கைச் சுண்டிப் பார்த்து, 'டப்பா' என்றான். வாத்தியார் மாடிப்படியில் நின்றபடியே, பெயர் தெரியாத மருந்தும் பெயர் தெரியாத வண்டியும் ஒன்றுதான், இரண்டிலும் விலைபோவது நம் உயிர்தான் என்றார். மெக்கானிக் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் குதித்தான்.

ஆனால் அந்த வண்டி அவனை ஏமாற்றிவிட்டது. நன்றாக ஓடியது. சும்மா நன்றாக இல்லை, தங்கமாக ஓடியது. ஸ்டார்ட்டரைத் தொட்டால் போதும், உறுமும். சிலிண்டரும் கருவிப்பையும் கட்டிக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறும். குறை இல்லாமல் இல்லை. சீட்டு பலகை மாதிரி இருக்கும். ஹாரன் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒலிக்கும். இண்டிகேட்டரைப் போட்டால் சுவர்க்கோழிப் பூச்சி கத்துவது போல ஒரு சத்தம். இதையெல்லாம் குறை என்று சொன்னால் மனிதர்களில் யாரோடும் குடும்பம் நடத்த முடியாது.

இப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் என்னாவது? அதனால் கேட்கிறவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், வண்டியைப் பற்றிப் புலம்பத் தொடங்கினான். பிரேக் நினைத்தால்தான் பிடிக்கிறது என்றான். நடுரோட்டில் நின்றுவிடுகிறது என்றான். டீக்கடையில், சலூனில், வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் இதே பாட்டு. அதோடு நிற்காமல், சாயங்காலம் தெருமுனைக்கு வந்ததும் இன்ஜினை அணைப்பான். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். ஐயோ பாவம் என்று வாத்தியார் இறங்கிவந்து பின்னாலிருந்து ஒரு கை கொடுப்பார். பழைய வண்டியை ஓட்டித் தேய்த்த மனிதர், புது வண்டியைத் தள்ளித் தேய்க்கிறாரே என்று மெக்கானிக்குக்கு ஒரே ஆனந்தம்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் கிளட்ச் கேபிள் அறுந்தது. இந்த முறை நிஜமாகவே தள்ளினான். வழியில் இருந்த இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். இந்த வண்டிக்கெல்லாம் சாமான் வராது, பேர்பெற்ற வண்டியென்றால் பெட்டிக்கடையில்கூடக் கேபிள் கிடைக்கும் என்றார்கள். அது உண்மைதான், அவனால் மறுக்க முடியவில்லை. கடைத்தெருக் கோடிவரை தள்ளிக்கொண்டு போனான்.

ஷோரூமில் விளக்குகள் பாதி அணைந்திருந்தன. அந்தம்மா கேபிள் ஸ்டாக்கில் இல்லை என்று சொல்லவில்லை. எழுந்துபோய், காட்சிக்கு நின்றிருந்த நீல வண்டியிலிருந்து கேபிளைக் கழற்றச்சொல்லி இவன் வண்டிக்குப் போட்டுக்கொடுத்தார். நீல வண்டிக்கு யாராவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று இவன் கேட்டான். யாரும் வரப்போவதில்லை என்று சிரித்தார். மாதக் கடைசிக்குள் இன்னும் இரண்டு வண்டியாவது போகாவிட்டால் கம்பெனி ஏஜென்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம்.

"வர்றாங்க, ஓட்டிக்கூடப் பாக்குறாங்க. அப்புறம் யார்கிட்டயோ விசாரிச்சுட்டு வந்து, நடுரோட்டுல நின்னுடுமாமே, தள்ளிக்கிட்டுத்தான் போகணுமாமேன்னு கேக்குறாங்க," என்றார். "யாரு கிளப்பிவிட்டாங்கன்னே புரியலை. இந்த ஊர்ல ஓடுறது உங்க வண்டி ஒண்ணுதான். உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"இல்லீங்க மேடம்," என்றான் மெக்கானிக். வேண்டிய இடத்தில் ஒருநாளும் வராத சொல், வேண்டாத இடத்தில் தெளிவாக வந்து விழுந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும். இவன் ஒரு நல்ல வண்டியைக் கெடுத்து, அதை நம்பிக் கடை திறந்தவரையும் கெடுத்து வைத்திருந்தான். கடை மூடினால் அடுத்த கேபிளுக்கு எங்கே போவது என்ற கவலையும் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அதைவிட, கேபிள் இல்லாமல் நின்ற அந்த நீல வண்டியை நிமிர்ந்து பார்க்கத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பாட்டை மாற்றினான். தங்கமான வண்டி என்றான் டீக்கடையில். சிரித்தார்கள். ஷோரூமில் கமிஷன் தருகிறார்களா என்று மச்சினன் கேட்டான். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பொருள் எப்படி இருந்தாலும் அதை மெச்சிக்கொள்வதுதான் பெரிய மனசு என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். பொய்யை ஒரே மூச்சில் நம்பிய ஊர், மெய்க்கு மட்டும் சாட்சி கேட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், மருந்துச் சீட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு இதெல்லாம் புதிதாக இல்லை.

"முனைவரைக்கும் வண்டிச் சத்தம் கேக்கும், அப்புறம் உங்க மூச்சுச் சத்தம்தான் கேக்கும். எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள். "தரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லப் பயந்துக்கிட்டு நல்ல வண்டிமேல பழியைப் போட்டீங்க. இனிமே நீங்க பேசி ஒண்ணும் ஆகாது. சாவியை என் தம்பிகிட்ட கொடுங்க. வண்டியே பேசிக்கும்."

பாம்புக்குப் பயந்து ஓடியவன் தானே போய்ப் புற்றில் கைவிட்ட கதைதான். இருந்தும் காலையில் அடுத்த தெருவுக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்காமலே சாவியை நீட்டினான். மச்சினன் சந்தேகத்தோடுதான் வாங்கினான். அன்று முழுக்க மெக்கானிக் சிலிண்டரோடு பஸ்ஸில் போனான். அஞ்சு நிமிஷம் என்று சொல்லாமல் வாங்கிப் போனவன், இருட்டுகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"மாமா, தண்ணித்தொட்டி மேட்டுல ரெண்டு பேரை வச்சுக்கிட்டு ஏறுது," என்றான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப இத்தனை நாள் முனையிலேர்ந்து தள்ளிக்கிட்டு வந்தது?"

"உடம்புக்கு நல்லது, மாப்பிள்ளை," என்றான் மெக்கானிக்.

மச்சினன் பேர்பெற்ற வண்டிக்கு ஆசைப்பட்டு, விலை எட்டாமல், வருஷக்கணக்காக மாமன் வண்டியில் காலத்தை ஓட்டியவன். அந்த வாரமே போய் நீல வண்டியை வாங்கிவிட்டான். கம்பெனியிலிருந்து அதற்குப் புதுக் கேபிளும் வந்திருந்தது. ஷோரூம் அம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். அவனுக்கு அது முள்ளாகக் குத்தியது. இன்னும் ஒரு வண்டி போக வேண்டும், மாதம் முடிய ஒருநாள்தான் பாக்கி. மாடிவீட்டு வாத்தியார் மட்டும் நீல வண்டியைப் போகும்போதும் வரும்போதும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் சும்மா ஷோரூமை எட்டிப் பார்க்கலாம் என்று இருப்பதாக, யாரும் கேட்காமலே சொன்னார். மெக்கானிக் மூச்சுக்கூட விடவில்லை. பாராட்டினால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தெருமுனைவரை வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. எட்டிப் பார்த்தால், மச்சினன் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.

மெக்கானிக் அவசரமாக வாசலைவிட்டு இறங்கினான். அதற்குள் வாத்தியார் தடதடவென்று இறங்கி ஓடி, பழக்க தோஷத்தில் வண்டியின் பின்னால் கையைக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, நாளைக்குப் போகிறதாக இருந்தேன், கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் மெக்கானிக் மச்சினனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, என்ன கூத்து இது என்று கேட்டான்.

"கடையில நாலு பேர் சாவி கேக்குறாங்க மாமா. இங்க வந்தா மேல சார் வேற நிக்கிறாரு," என்று காதோடு சொன்னான் மச்சினன். "வேற வழி தெரியலை. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

மெக்கானிக் அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினான். வண்டியில் செருகி, ஸ்டார்ட்டரைத் தொட்டான். நீல வண்டி ஒரே தொடுதலில் உறுமியது. வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார்.

"சார், வண்டில ஒண்ணும் இல்லை," என்றான் மெக்கானிக். "இவன் நடிக்கிறான். இத்தனை நாள் நானும் நடிச்சேன். யாரும் இரவல் கேட்டுடக்கூடாதுன்னுதான்."

'யாரும்' என்று சொன்னது யாரை என்று வாத்தியாருக்குப் புரியாமல் இருந்திருக்காது, பாடம் நடத்துகிறவர். காது நுனி சிவந்தது. ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"அப்போ காலையில டியூஷனுக்கு மட்டும் உங்க சாவியை..."

மெக்கானிக்கின் தொண்டையில் வழக்கமான அடைப்பு வந்து உட்கார்ந்தது. வாசலில் மனைவி வந்து நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தரமாட்டேன் சார்," என்றான். "நல்ல வண்டி. அதனாலதான் தரமாட்டேன்."

வானம் இடிந்து விழவில்லை. வாத்தியார் அவனைப் பார்த்தார், உறுமிக்கொண்டிருந்த நீல வண்டியைப் பார்த்தார், தலையை நிமிர்த்திக்கொண்டார். அந்த ஷோரூமை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டார்.

"இப்ப கிளம்பினா பிடிச்சிடலாம். ஏறுங்க," என்றான் மெக்கானிக். வாத்தியார் கை சாவியை நோக்கி நீளப் பார்த்ததும், "ஓட்டுறது நான்," என்றான்.

தன் வண்டியை எடுத்து அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, எல்லார் கண்ணெதிரேயும் தெருமுனையை வண்டிமேல் உட்கார்ந்தே கடந்தான். திரும்பும்போது இண்டிகேட்டர் சுவர்க்கோழி மாதிரி கத்தியது. வாத்தியார் பதறிப்போய் என்ன சத்தம் அது என்றார்.

"அது ஒண்ணுதான் சார் குறை," என்றான் மெக்கானிக். "அப்புறம் சீட்டு கொஞ்சம் பலகை."