மூழ்கியவளுக்கு வசனம் இல்லை

1

நாடகமாக எழுதி மேடையேற்றியதோடு இது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி நாள் காட்சிக்குப் பிறகு ஒப்பனை அறையில் ஒரு சண்டை வந்தது. அதனால்தான் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கம்: "1628 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து மன்னரின் புத்தம்புதுப் போர்க்கப்பல் வாசா கம்பீரமாக —"

வேண்டாம். பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது.

"அவள் கீழ்த்தளத்தில் நின்றிருந்தாள்."

இது பரவாயில்லை. யார் அவள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. வம்பே அங்குதான் ஆரம்பித்தது.

2

முதல் பயணம் என்பதால் மாலுமிகளின் மனைவிமாரையும் கொஞ்ச தூரம் வர விட்டிருந்தார்கள். காற்று ஒருமுறை பலமாக வீசியது. கப்பல் சாய்ந்தது. திறந்து கிடந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. வழியனுப்ப வந்தவர்களின் கண்ணெதிரே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாசா மூழ்கியது. முன்னூறு வருடத்துக்கும் மேல் கழித்துத் தூக்கினார்கள். கிடைத்த எலும்புகளில் பெண்ணுடையவையும் இருந்தன.

அப்படி ஒருத்தியை நாடகத்தில் வைத்தேன். பெயர் இல்லை, வசனமும் இல்லை. மூழ்க வேண்டும், பிறகு கடைசி வரை மற்ற இறந்தவர்களோடு ஓரமாக நிற்க வேண்டும்.

3

அந்த வேடம் இங்கேலாவுக்கு. எங்கள் குழுவில் அவளைவிட அனுபவம் உள்ளவர்கள் இல்லை. ஸ்டாக்ஹோமின் பெக்ஹோல்மன் தீவில், தண்ணீரை ஒட்டிய ஒரு பழைய கொட்டகையில் ஒத்திகை; மேடையும் அங்கேயே.

"பேருகூட இல்லாதவளா நான் எப்படி நிக்கிறது? மூழ்கறப்ப அவளை யாராவது கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

"தெரியாததை எழுதினா பொய், இங்கேலா."

"அடிப் போடி!" என்றான் டோர்கெல் என்னிடம். கப்பல் மூழ்கியதை விசாரிக்கும் காட்சியில் நீதிபதி அவன்தான். "என் சைக்கிளைத் திருடினவனையே என்னால கண்டுபிடிக்க முடியல. நான் நீதிபதியாம். அது பொய் இல்லையா?"

"நிஜமான எலும்புக்குப் பேர் வைக்க நான் யாரு?"

"சரி, நீ வைக்க வேண்டாம். அவகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள் இங்கேலா.

நானும் டோர்கெலும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

[இந்த இடத்தில் நீங்கள் பேய்க்கதை என்று முடிவுகட்டியிருப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள்.]

4

நாடகம் மேடையேறத் தொடங்கியது. மூழ்கும் இடத்தில் இங்கேலா இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்று ஒதுங்கி நிற்பாள், பேருந்தில் ஏறுகிறவருக்கு இடம் விடுவதுபோல. நடிப்பில் ஏதோ புதுசு சேர்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகு மற்ற நடிகர்களும் ஒதுங்க ஆரம்பித்தார்கள். நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

"எல்லாரும் தள்ளித் தள்ளி நிக்கிறீங்களே, நடுவுல யாருக்கு இடம்?" என்று டோர்கெல் கத்தினான்.

இங்கேலாவிடம் கிண்டலாகக் கேட்டேன். "என்ன, பேரைச் சொன்னாளா?"

"மாட்டேங்கிறா. யாராவது கேட்டாத்தான் சொல்வாளாம்."

"நீதான் கேட்டியே?"

"நான் நடிக்கிறதுக்காகக் கேட்டேனாம்."

அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு —

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. 'முதுகு சில்லிட்டது' என்று எழுதினால் அது வேறு யாருடைய முதுகோ ஆகிவிடும்.)

5

கடைசி நாள் காட்சி. நல்ல வெயில். பலகை இடுக்குகள் வழியே ஒளி கோடு கோடாக விழுந்தது. பிழைத்தவர்களை நீதிபதி விசாரித்து முடித்தார். டோர்கெல் "குற்றவாளி என்று யாருமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும்.* அவன் எழவில்லை. இறந்தவர்கள் நிற்கும் பக்கம் திரும்பினான்.

"உன் பேரு என்னம்மா?"

நான் எழுதாத வசனம். நீதிபதியின் குரலிலும் இல்லை. அது டோர்கெலின் சொந்தக் குரல். இங்கேலா வாயைத் திறந்தாள்.

* வரலாற்றிலும் அப்படித்தான், யாருக்கும் தண்டனை இல்லை. மூழ்கியவர்களை யாரும் விசாரிக்கவும் இல்லை.

6

ஒப்பனை அறையில் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் ஆறிக் கிடந்தன. டோர்கெல் இங்கேலாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"சிக்னே பேரை உனக்கு யாருடி சொன்னது?"

சிக்னே அவன் அக்காவின் மகள். 2004 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தாய்லாந்து போனவள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வந்த அலை அவளைக் கொண்டுபோயிற்று.

"டோர்கெல், அவ சிக்னேன்னு சொல்லலையே" என்றேன்.

எனக்குக் கேட்டது என் அக்கா பெயர். அதே காலை, அதே அலை, நாகப்பட்டினம் கரையில். அந்தப் பெயரை இந்த ஊரில் நான் ஒருவரிடமும் உச்சரித்ததில்லை.

"நான் எந்தப் பேரும் சொல்லல" என்றாள் இங்கேலா. "வாயைத் திறந்தேன். தண்ணிதான் வந்துச்சு."

அவள் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. (மேடையில் தண்ணீர் வைக்கவில்லை. ஒரு குவளைகூட.)

டோர்கெல் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான். ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள எங்கள் கடலில் உப்பு பேருக்குத்தான். இங்கே வளர்ந்தவர்கள் எல்லோரும் சிறுவயதில் குடித்துப் பார்த்திருப்பார்கள்.

"இது நம்ம தண்ணி இல்ல" என்றான். "ரொம்பக் கரிக்குது."

7

முடிவு ஒன்று: அது வியர்வை. முடிவு இரண்டு: துக்கம் உள்ளவர்களின் காதில் தங்கள் துக்கம்தான் விழும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத இரண்டும் நியாயமாகத்தான் இருந்தன. அடித்துவிட்டேன்.

அடுத்த கோடையில் மறுபடி போடுகிறோம். நீதிபதி மறுபடி கேட்பதானால் வருகிறேன் என்கிறாள் இங்கேலா. கேட்பேன் என்கிறான் டோர்கெல். அதனால் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குமேல் என் கை போகவில்லை. உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

நீதிபதி பெயரைக் கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லும் பெயர்